மரபின் கணக்கறிந்த மாமேதை ஹால்டேன்

உயிரியல் பேரறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். உடலியல் அறிஞரான தந்தைக்கு இளமையிலேயே ஆய்வுகளில் உதவினார். கல்லூரியில் அவர் பயின்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும்தாம். அறிவியலில் அவர் பட்டம் பெற்றதில்லை! பி.எஸ்சி. பயிலும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மாஞ்செஸ்டர் பகுதியில் ஆலைப்புகை பெருகியபின் வெளிர்நிற அந்துப்பூச்சிகள் குறைந்து கரியவை மிகுந்தன. அம்மாற்றத்தின் வேகத்தை அவர் 1924-இல் கணக்கிட்டுக் காட்டினார்.

1957-இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1961-இல் இந்தியக் குடிமகனானார். இங்கு அவருடைய மாணவர் துரோணம்ராஜு, உன்னிப் பூக்களை நாடும் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தார்; ஆந்திரத்தில் வழங்கும் நெருங்கிய உறவுத் திருமணங்களையும் ஆராய்ந்தார்.

இரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும், மரபின் கணக்கு ஒன்றே. குறையுள்ள மரபணுக்கள் நம் எல்லோரிடமும் மறைந்துள்ளன. உறவினரிடம் அதே குறை இருக்கும் வாய்ப்பு மிகுதி. தாய்மாமனை மணந்தவளின் குழந்தைக்கு 8-இல் 1 பங்கும், மாமன் மகனை மணந்தவளின் குழந்தைக்கு 16-இல் 1 பங்கும் மரபணுக்கள் இருவழியிலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேர்கின்றன. என் குடும்பத்திலும் அக்காள் மகளைக் கொள்ளும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இக்கணக்கை வீட்டில் எடுத்துரைக்கும் பொறுப்பும் என்னுடையதே.

சிறு கூட்டமாய் ஒதுங்கிய உயிர்களுக்கோ உறவல்லாத துணையே கிடைப்பதில்லை. பின்லாந்தின் ஓலாந்துத் தீவுகளில் 42 வண்ணத்துப்பூச்சிக் கூட்டங்களை ஆராய்ந்தோர், உட்கலப்பு மிகுந்த கூட்டங்கள் அழியும் வாய்ப்பு அதிகம் என்று 1998-இல் நிறுவினர். இதற்கு மருந்து, வெளியிலிருந்து சில உயிர்களைக் கொணர்ந்து கலப்பது. இதுவே மரபணு மீட்பு. 1995-இல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொணர்ந்ததால் புளோரிடாப் பூமாவினம் பெருகியது. ஆனால், சூழல் மிக மாறுபட்ட கூட்டத்தைக் கலந்தால் தீங்கும் நேரலாம்.

ஹால்டேன் 1964 டிசம்பர் 1-ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

நண்பர்களே, தாம்பரத்தை அடுத்த நன்மங்கலம் காட்டையும் வீடுகளும் சாலைகளும் சூழ்ந்துவிட்டன. இடையிடையே எருக்கும் கருவேப்பிலையும் நின்றால் அவற்றில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சிகள் ஊர் கடந்து செல்ல வழி கிடைக்கும். மீட்பு தேவைப்படும் நிலை வருமுன் அவ்வழியை நாம் காப்போமாக!