டெலிவிஷனில் பாடம் நடத்திய பிஷப்

முலுண்டில் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தபடியே பூசை காண்பதும், பிரசங்கம் கேட்பதும் இன்று சாதாரண விஷயம். ஆனால் பம்பாயில் டெலிவிஷன் நிலையம் 1972 அக்டோபர் 2-ந் தேதிதான் தொடங்கியது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்க பிஷப் அந்தப் பெட்டியின் மூலம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார். அவர்தான் புல்டன் ஷீன்.

கீழ்ப்படிதல்

1895 மே 8-ந் தேதி, இல்லினாய் மாநிலத்தில் எல் பாசோ என்ற சிற்றூரில் பிறந்தார். பீட்டர் என்று ஞானஸ்நானம் பெற்றாலும், தாயின் குடும்பப் பெயரான புல்டன் என்பதே நிலைத்தது. 1919-ல் குருப்பட்டம் பெற்றார். பெல்ஜியம் நாட்டின் லூவேன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து டாக்டர் பட்டமும் பெற்றார்.

இவ்வளவு படித்து ஊர் திரும்பியவரை, பியோரியா நகரில் ஓர் ஏழைப் பங்குக்கு உதவிக் குருவாக அனுப்பினார் பிஷப். ஷீன் முணுமுணுக்கவில்லை. வீடு வீடாகச் சென்று மக்களைச் சந்தித்தார். சில மாதங்கள் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. சொன்ன சொல் கேட்பாரா என்று பிஷப் வைத்த சோதனை அது! பிறகு வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1930 முதல் ரேடியோவிலும் பேசினார்.

கரும்பலகை

1951-ல் நியூயார்க் துணை பிஷப் ஆனார். 1952 பிப்ரவரி 12-ந் தேதி டெலிவிஷனில் அவரது நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. "வாழ்க்கை வாழத்தக்கது" என்பது அதன் பெயரின் பொருள். செவ்வாய் இரவு 8 மணி. அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல்! பாதிரியார் பேச்சை யார் கேட்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள்.

நீண்ட அங்கி, தோளில் மேலாடை, பக்கத்தில் ஒரு கரும்பலகை. கையில் குறிப்புத் தாள் கிடையாது. அதே பேச்சை இத்தாலி மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துப் பழகுவார். எழுதிய பலகையை ஆள் வந்து அழித்தால், அழித்தது தேவதூதர் என்று வேடிக்கை செய்வார். குடும்பம், பிள்ளை வளர்ப்பு, மனக் கவலை, மனச்சாட்சி என்று எல்லோருக்கும் பொதுவானதையே பேசினார். புராட்டஸ்டண்டுகளும் யூதர்களும் விரும்பிக் கேட்டார்கள். டெலிவிஷன் உலகின் பெரிய பரிசான எம்மி விருதும் அவரைத் தேடி வந்தது.

பால் பவுடர்

டெலிவிஷனில் கிடைத்த பணத்தை அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஏழை நாடுகளில் மறைப்பணிக்கு உதவும் சபையின் அமெரிக்கத் தலைவர் அவர். பணம் அந்தப் பணிக்கே போயிற்று.

அந்த நிதியால்தான் சோதனையும் வந்தது. அமெரிக்க அரசு இலவசமாகக் கொடுத்த பால் பவுடருக்கு, சபை நிதியிலிருந்து பெருந்தொகை தரவேண்டும் என்று கேட்டார் நியூயார்க் கர்தினால் ஸ்பெல்மன். சும்மா வந்த பொருளுக்கு ஏழைகளின் பணத்தைக் கொடுக்க மாட்டேன் என்று ஷீன் மறுத்தார். வழக்கு போப்பாண்டவர் 12-ம் பயஸ் வரை சென்றது. தீர்ப்பு ஷீன் பக்கம்.

ஆனால் மேலதிகாரியின் கோபம் தீரவில்லை. 1957-ல் அந்த நிகழ்ச்சி முடிந்தது. நியூயார்க் ஆலயங்களில் பிரசங்க அழைப்புகளும் குறைந்தன. இத்தனைக்கும் ஷீன் வெளியில் வாய் திறக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் கர்தினாலைக் குறை கூறவில்லை.

கடைசி நாட்கள்

1966-ல் ராச்செஸ்டர் என்ற சிறிய மறைமாவட்டத்துக்கு பிஷப்பாக அனுப்பப்பட்டார். ஏழைகளுக்கு வீடு கட்ட ஓர் ஆலயச் சொத்தை அரசுக்குத் தர முன்வந்தார். மக்கள் எதிர்த்தார்கள், கைவிட நேர்ந்தது. 1969-ல் பதவி விலகினார்.

குருவான நாள் முதல் தினமும் ஒரு மணி நேரம் நற்கருணை முன் ஜெபிப்பது அவர் வழக்கம். டெலிவிஷன் புகழ் வந்தபோதும், போனபோதும் அதை விடவில்லை. 1979 அக்டோபரில், நியூயார்க் பேராலயத்தில் போப்பாண்டவர் 2-ம் ஜான் பால் அவரைக் கட்டித் தழுவினார். அதே ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி, தமது சிற்றாலயத்தில், நற்கருணையின் முன்னிலையில் ஷீன் உயிர் நீத்தார். வயது 84.

2012-ல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. 2019-ல் அவரது உடல் பியோரியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உதவிக் குருவாக அவர் வீடு வீடாக நடந்த அதே ஊர்!