ஆசிரியர் பெயர் சூடிய இல்லம்

கோடை விடுமுறையில் தமிழ்நாட்டிலுள்ள உறவினர் ஊர்களுக்குச் செல்லும்போது, விழாத் தொடக்கத்தில் அனைவரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அப்பாடலை இயற்றியவர் தமிழ்நாட்டின் இன்றைய எல்லைக்கு வெளியே பிறந்தவர். நாம் வாழும் இத்திருவனந்தபுரத்தில் ஆசிரியராக விளங்கியவர். அவர் பெயர் பெ. சுந்தரம் பிள்ளை.

மதுரையிலிருந்து குடிபெயர்ந்து ஆலப்புழையில் வணிகம் செய்துவந்த குடும்பத்தில், பெருமாள் பிள்ளைக்கும் மாடத்தி அம்மாளுக்கும் மகனாக 1855-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பிழைப்பின் பொருட்டு மலை கடந்து வந்தோரின் வீட்டில் தமிழ் தளர்ந்துவிடும் என்று இன்றும் சிலர் கருதுகின்றனர். பெருமாள் பிள்ளையின் வீட்டில் அவ்வாறு நிகழவில்லை. மறைமலையடிகளுக்கும் ஆசிரியராகத் திகழ்ந்த நாகை நாராயணசாமிப் பிள்ளையிடம் சுந்தரம் பிள்ளை தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார்.

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பயின்று 1876-இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். இக்கல்லூரியே இன்று பாளையம் பகுதியில் பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயருடன் விளங்குகிறது. அங்குத் தத்துவம் கற்பித்த ஸ்காட்லாந்து நாட்டவரான இராபர்ட் ஹார்வி, இவருடைய அறிவுக் கூர்மையைக் கண்டு பேரன்பு கொண்டார். 1877-இல் சுந்தரம் பிள்ளை திருநெல்வேலிக்குச் சென்று, பின்னாளில் ம.தி.தா. இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகப் பெற்றதும் அந்நாளில்தான். பின்னர்த் திருவனந்தபுரம் திரும்பித் தத்துவம் கற்பித்தார். 1880-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அப்பட்டம் அந்நாளில் மிக அரிது. ஆதலால் மக்கள் அவரை எம்.ஏ. பிள்ளை என்றே அழைத்தனர்.

1882-இல் அரசு வருவாய்த் துறையில் உயர்பதவி அவரைத் தேடி வந்தது. மூன்றாண்டுகள் அப்பணியைச் செவ்வனே ஆற்றினார். ஹார்வி விடைபெற்றபின், 1885-இல் தம் ஆசிரியர் அமர்ந்திருந்த தத்துவப் பேராசிரியர் இருக்கைக்கே வந்து சேர்ந்தார். அதிகார நாற்காலியை விட்டு வகுப்பறைக்குத் திரும்புவோர் எக்காலத்தும் சிலரே. இறுதிவரை அவர் ஆசிரியராகவே இருந்தார்.

1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் என்னும் கவிதை நாடகம் அவரது புகழுக்கு அடித்தளமாயிற்று. லிட்டன் என்னும் ஆங்கிலப் புலவரின் கதைப்பாடல் ஒன்றைத் தழுவியது எனினும், அதன் நிலமும் உணர்வும் முற்றிலும் தமிழருடையவை. சூழ்ச்சிக்கார அமைச்சன் குடிலனை நம்பிப் பாண்டியன் சீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டுகிறான். அவன் மகள் மனோன்மணியும் சேர மன்னன் புருடோத்தமனும் ஒருவரையொருவர் கனவில் கண்டு காதல் கொள்கின்றனர். இதனை அறியாத அவ்விரு நாடுகளும் போரில் இறங்குகின்றன. சுந்தர முனிவர் அமைத்த சுரங்கவழி, அக்காதலர் நேரில் காண வழிசெய்கிறது. அம்முனிவரைப் படைக்கும்போது ஆசிரியர் தம் ஞானாசிரியரை நினைந்தார் என்பர். பாண்டிய நாட்டு வேரும் சேர நாட்டு வாழ்வும் கொண்ட ஒருவருக்கு இக்கதை பிடித்துப்போனதில் வியப்பில்லை. இந்நாடகத்தின் பாயிரத்தில் உள்ள வாழ்த்துப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டதே நீங்கள் கேட்கும் பாடல். 1970-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. நூலையோ அவர் தம் ஆசிரியர் ஹார்விக்கே உரிமையாக்கினார்.

நாடகம் எழுதியதோடு அவர் நின்றுவிடவில்லை. கல்லாற்றுக் கரையில் வாழும் உங்களுக்குக் கல் என்றதும் நீர் உருட்டிய பாறைகள் நினைவுக்கு வரும். அவரோ கல்லில் பொறித்த எழுத்துகளைத் தேடினார். அவற்றைப் படித்தாராய்ந்து, திருவிதாங்கூரின் பண்டைய மன்னர்களைப் பற்றி 1894-இல் ஆங்கில நூல் எழுதினார். திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கால்டுவெல் கருதியிருந்தார். அவர் ஏழாம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டவராதல் இயலாது எனச் சுந்தரம் பிள்ளை சான்றுகளுடன் நிறுவினார். பெரியோர் சொன்னதாயினும் ஆராய்ந்தே ஏற்கும் துணிவு அவரிடம் இருந்தது.

கல்லாற்றிலிருந்து விதுரை, நெடுமங்காடு வழியாக நகருக்குச் செல்லும் பேருந்து பேரூர்க்கடையைக் கடந்து போகும். அங்கேதான் அவர் தம் இல்லத்தை அமைத்தார். அதற்குத் தம் பெயரையோ குலத்தின் பெயரையோ சூட்டாமல், ஹார்விபுரம் எனத் தம் ஆசிரியரின் பெயரையே சூட்டினார்.

1897 ஏப்ரல் 26 அன்று, நாற்பத்திரண்டாம் அகவையில் சுந்தரம் பிள்ளை மறைந்தார். மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891-இல் பிறந்த மகன் நடராசனுக்கு அப்போது ஆறு வயது. தந்தையிடம் அமர்ந்து பாடம் கேட்கும் பேறு அம்மகனுக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. வளர்ந்தபின் அவர் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டார். அதன் விளைவாகத் திவான் ஆட்சியில் ஹார்விபுரம் பறிபோயிற்று. 1954-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் நிதியமைச்சரானபோதும் அவர் ஓலை வேய்ந்த வீட்டிலேயே வாழ்ந்தார் என்று இப்பகுதியினர் இன்றும் சொல்வர். 1962-இல் திருவனந்தபுரத்திலிருந்து நாடாளுமன்றத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பேரூர்க்கடையில் இன்று ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி உள்ளது. அதன் பெயர்ப்பலகையில் பி. எஸ். நடராச பிள்ளை நினைவுப் பள்ளி என்று எழுதப்பட்டிருக்கும். அப்பெயரிலுள்ள எஸ் என்னும் எழுத்து, சுந்தரம் பிள்ளையைக் குறிப்பது.