பிணை நின்ற ஊர்கள்

கூட்டுறவுத் தந்தை ரெய்பைசனை நான் போற்றுவது அவர் ஈந்ததற்காக அன்று. ஈகை மட்டும் போதாது என உணர்ந்ததற்காகவே.

1818-ல் ஜெர்மனியின் ஹாம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1845-ல் வையர்புஷ் வட்டாரத்தின் மேயரானார். 1846-47 பஞ்சத்தில் வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாக அளித்தார். பின்னர் உழவரை வட்டிக் கொடுமையிலிருந்து மீட்கவும் செல்வரையே நம்பினார். நாளடைவில் அவர்கள் ஆர்வம் குன்றியது.

1864-ல் ஹெட்டெஸ்டார்பில் வழியை மாற்றினார். கடன் பெறுவோரே உறுப்பினர். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பிணை. ஆனால் விளைச்சல் பொய்த்தால் ஊரே ஒருசேரக் கடன் கேட்குமே! ஆகவே 1872 முதல் ஊர்ச் சங்கங்களை மத்திய வங்கிகளில் இணைத்தார். ஓரூரின் மிச்சம் மற்றோரூரின் முடையைத் தீர்த்தது. பார்வை மங்கிய பின்னும் மகள் அமாலியின் துணையோடு உழைத்து, 1888-ல் மறைந்தார்.

அவர் முறையை ஆராய்ந்து, சென்னை மாகாண அரசுக்கு நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அறிக்கை அளித்தார். 1904-ல் திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழகத்தின் முதல் வேளாண் கடன் சங்கம் எழுந்தது.

நண்பர்களே, விடுமுறையில் ஊர் திரும்பும்போது உங்கள் ஊர்ச் சங்கத்தின் படியேறிப் பாருங்கள். அங்கே உறுப்பினர் குரல் ஒலிக்கிறதா, அதிகாரி குரல் மட்டுமா? ரெய்பைசன் வாழ்கிறாரா என்பதை நான் அதைக் கொண்டே அளப்பேன்.