ரஃபியுதீன் அகமது

ரஃபியுதீன் அகமது (டிசம்பர் 24, 1890 – 1965) இந்தியப் பல் மருத்துவக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படுபவர். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைக் கொல்கத்தாவில் நிறுவியவர். பிற்காலத்தில் மேற்கு வங்க அமைச்சராகவும் பணியாற்றினார்.

கல்வி

கிழக்கு வங்கத்தில் (இன்றைய வங்காளதேசம்) பிறந்த இவர், அலிகாரில் பயின்ற பின் அமெரிக்கா சென்றார். 1915-இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்று, 1918 வரை பாஸ்டன் நகரின் ஃபோர்சைத் குழந்தைகள் பல் மருத்துவமனையில் பணியாற்றினார்.

அக்காலத்து அமெரிக்க மருத்துவர் பலர், ஈறுகளிலும் பல்வேர்களிலும் தங்கும் நுண்ணுயிரிகளே மூட்டுவலி, இதய நோய் முதலியவற்றுக்குக் காரணம் எனக் கருதினர். இதனால் நல்ல பற்களும் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. போதிய சான்றின்றிப் பரவிய இக்கொள்கை பின்னர் செல்வாக்கிழந்தது. எனினும் அதன் அடிப்படை ஐயம் முற்றிலும் பொய்யன்று. ஈறு நோய் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. நீரிழிவு ஈறு நோயை மோசமாக்குகிறது. வாய் நுண்ணுயிரிகள் இரத்தத்தில் கலந்து, பழுதுற்ற இதய வால்வுகளில் தொற்றை உண்டாக்கக்கூடும். மாரடைப்புடன் ஈறு நோய்க்குத் தொடர்பு காணப்பட்டாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என இன்னும் நிறுவப்படவில்லை.

கல்லூரி

1919-இல் அகமது நாடு திரும்பியபோது, இங்குப் பல் மருத்துவம் கற்பிக்க ஒரு கல்லூரியும் இல்லை. பல்வலி கண்டவர்கள் பெரும்பாலும் குறடு கொண்டு பல் பிடுங்குவோரையே நாடினர். பல்லைப் பிடுங்குவது வேறு, ஈறு நோயை அறிந்து பல்லைக் காப்பது வேறு. பின்னதற்கு முறையான பயிற்சி வேண்டும். 1920-இல் அகமது கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணம் வந்த வழி விந்தையானது: கொல்கத்தாவில் அவர் நடத்திய 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்னும் குளிர்பானக் கடையின் வருவாயே கல்லூரியைத் தாங்கியது. முதல் மூன்று ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் 11 பேர் மட்டுமே. முகமது அலி ஜின்னாவின் தங்கை பாத்திமா ஜின்னா இக்கல்லூரியில் பயின்று, 1923-இல் பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கினார்.

1925-இல் அகமது பல் மருத்துவ இதழ் ஒன்றைத் தொடங்கினார். 1928-இல் மாணவர்களுக்கான கையேடு ஒன்றை வெளியிட்டார்.

சட்டமும் பொதுவாழ்வும்

பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் பிரித்தறியச் சட்டம் வேண்டும் என்பதற்காக அகமது உழைத்தார். 1939-இல் வங்காளப் பல் மருத்துவர் சட்டமும், 1948-இல் இந்தியா முழுமைக்குமான சட்டமும் இயற்றப்பட்டன. 1949-இல் தமது கல்லூரியை மேற்கு வங்க அரசிடம் ஒப்படைத்தார். சென்னையில் அரசுப் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது அதன் பின்னர், 1953-இல் ஆகும்.

1950 முதல் 1962 வரை அமைச்சராக வேளாண்மை, கூட்டுறவு உள்ளிட்ட துறைகளைக் கவனித்தார். 1964-இல் பத்ம பூசண் விருது பெற்றார். கொல்கத்தாக் கல்லூரி இன்று டாக்டர் ஆர். அகமது பல் மருத்துவக் கல்லூரி என வழங்குகிறது. இவரது பிறந்த நாளான டிசம்பர் 24 இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.