டெடி பேருக்கு முன்னாடி ஒரு யானை! மார்கரெட்டே ஸ்டைஃப் கடை போட்ட கதை

காதில் குட்டி பட்டன் வைத்த டெடி பேரைப் பார்த்திருக்கிறீர்களா? ஜெர்மனியின் ‘ஸ்டைஃப்’ கம்பெனியின் அடையாளம் அது. ஆனால், அந்தக் கம்பெனியை பொம்மைத் தொழிலுக்குக் கொண்டுவந்தது கரடி இல்லை, யானை. அதுவும் விளையாடுவதற்காகச் செய்த யானைகூட இல்லை.

மார்கரெட்டே ஸ்டைஃப் 1847-ல் தெற்கு ஜெர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஒன்றரை வயதில் போலியோ. கால்கள் செயலிழந்தன, வலது கையும் சரியாக வேலை செய்யவில்லை. மற்ற பிள்ளைகள்தான் தள்ளுவண்டியில் வைத்து பள்ளிக்கு இழுத்துப் போனார்கள். இந்தப் பெண் எப்படிப் பிழைக்கப் போகிறாள் என்பதே வீட்டில் கவலை.

அவரோ தையல் கற்றே தீருவேன் என்று நின்றார். கற்றும் காட்டினார். தையல் மிஷின் வந்ததும் புதுச் சிக்கல். கைச்சக்கரம் வலப்பக்கம் இருந்தது. மிஷினையே திருப்பிப் போட்டு இடது கையால் சுற்றினார். அவ்வளவுதான்!

1877-ல் சொந்தமாகக் கடை போட்டார். கம்பளியை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியில் உள்பாவாடை, குழந்தைகளுக்கான கோட்டு. ஃபெல்ட் துணி ஊரிலேயே உறவினரின் ஆலையில் கிடைத்தது. ஆர்டர் கூடியது, உதவிக்கு ஆள் வைத்தார்.

1880-ல்தான் அந்த யானை. ஒரு ஃபேஷன் பத்திரிகையில் வந்த மாதிரியைப் பார்த்து, ஊசி செருகி வைக்கத் தைத்தது. தெரிந்தவர்களுக்குப் பரிசாகவும் கொடுத்தார். ஊசி செருகியது யார்? குழந்தைகள் தூக்கிக்கொண்டு போய் விளையாடினார்கள்! கடைதான் நன்றாக ஓடுகிறதே, இது எதற்கு என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. தம்பி ஃப்ரிட்ஸ் ஒரு மூட்டை யானையைப் பக்கத்து ஊர்ச் சந்தைக்குக் கொண்டுபோனார். அத்தனையும் காலி. 1886-க்குள் 5,000 யானைகளுக்கு மேல் விற்றுவிட்டன. பிறகு குரங்கு, குதிரை, ஒட்டகம் என வரிசை கட்டின. புது பொம்மை ஒவ்வொன்றின் முதல் மாதிரியையும் அவரே தைத்துப் பார்ப்பார்.

கரடி வந்தது 1902-ல், தம்பி மகன் ரிச்சர்டின் கைவண்ணம். 1903 லைப்சிக் கண்காட்சியில் ஓர் அமெரிக்க வியாபாரி ஒரே மூச்சில் 3,000 கரடிகள் கேட்டார். ‘டெடி’ என்ற பெயர் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரிலிருந்து ஒட்டிக்கொண்டது. (அதே சமயத்தில் நியூயார்க்கிலும் ஒரு கடைக்காரர் கரடி தைத்தார். யார் முதலில் என்ற பஞ்சாயத்து தனி.) போலிகளைத் தடுக்க 1904-ல் காதில் பட்டன் ஏறியது. 1907-ல் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான கரடிகள் தயாராகின.

1909-ல், 61 வயதில் மார்கரெட்டே காலமானார். தம்பி பிள்ளைகள் தொழிலைத் தொடர்ந்தார்கள். கம்பெனியின் தலைமையகம் இன்றும் அதே கீங்கனில்தான்.