மூக்கு இரத்தமும் ஆஸ்லர் துரையும்

ஒரகடம் தொழிற்சாலையில் 'ஷிப்ட்' முடிந்து வரும் தொழிலாளிக்கு மூக்கில் இரத்தம் ஒழுகினால் உடம்புச் சூடு என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் இரத்தம் தானாகவே நின்றுவிடும். ஆனால் தகப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக ஒழுகினால்? இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் சர் வில்லியம் ஆஸ்லர்.

கனடாவில் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில், 1849-ல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். தாமும் பாதிரியாராகவே எண்ணியிருந்தவர், மனம் மாறி வைத்தியம் படித்து, 1872-ல் மக்கில் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். 1889-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வைத்தியராக வந்தார். மாணவர்களை வகுப்பறையில் உட்கார வைக்காமல் நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்றார். புத்தகத்தைவிட நோயாளி சொல்வதையே அவர் பெரிதாக மதித்தார்.

அக்காலத்தில், குடும்பத்தில் தொடரும் இரத்தப் போக்கு எதுவாயினும் 'ஹீமோபீலியா' என்று முத்திரை குத்துவது வழக்கம். அதில் இரத்தம் சரியாக உறையாது. இது அதுவல்ல என்று பாரிஸ் டாக்டர் ரெண்டு 1896-லேயே எழுதினார். ஆஸ்லரோ தம் நோயாளிகளின் முகத்திலும் உதட்டிலும் நாக்கிலும் சின்னஞ்சிறு சிவப்புப் புள்ளிகளைக் கண்டார். உறவினரைப் பற்றியும் துருவித் துருவி விசாரித்தார். இது தனியொரு பரம்பரை வியாதி என்று 1901-ல் கட்டுரை வெளியிட்டார். 1907-ல் லண்டன் டாக்டர் வெபர் மேலும் எழுதவே, மூவர் பெயராலும் நோய் வழங்கலாயிற்று.

குற்றம் இரத்தத்தில் இல்லை, குழாயில்! தமனிக்கும் சிரைக்கும் நடுவே மயிரிழை போன்ற நுண்குழாய்கள் இருக்க வேண்டும். இந்நோயில் சில இடங்களில் அவை இல்லாமல் இரண்டும் நேரே இணைந்துவிடுகின்றன. மெல்லிய சுவர் எளிதில் வெடிக்கிறது. மூக்கில் என்றால் கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் ஒளிந்திருந்தாலோ பக்கவாதம் வரையில் கொண்டுபோய் விடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால்தான் இன்றும் டாக்டர்கள் குடும்பம் முழுவதையும் சோதிக்கச் சொல்கிறார்கள்.

1905-ல் ஆஸ்லர் ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார். 1911-ல் 'சர்' பட்டமும் வந்தது. அதன்பின் விதி விளையாடியது. 1917 ஆகஸ்டில் பெல்ஜியம் போர்முனையில் அவருடைய மகன் ரெவியர் குண்டடி பட்டான். வயது இருபத்தொன்று. ஆஸ்லரின் நண்பர்களான அமெரிக்க சர்ஜன்களே ஓடிவந்தும் காப்பாற்ற முடியவில்லை.

மனமுடைந்த தந்தை 1919 டிசம்பர் 29-ல் காலமானார். அவர் சேர்த்த ஆயிரக்கணக்கான புத்தகங்கள் மக்கிலுக்குப் போயின. அவற்றின் நடுவேதான் அவருடைய அஸ்தியும் இருக்கிறது.