நெவில் ஸ்டோரி மாசுகெலின்

நெவில் ஸ்டோரி மாசுகெலின் (செப்டம்பர் 3, 1823 – மே 20, 1911) விண்கற்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவரான ஆங்கிலேயக் கனிமவியலாளர் ஆவார். 1856 முதல் 1895 வரை ஆக்சுபோர்டில் பேராசிரியராகவும், 1857 முதல் 1880 வரை பிரித்தானிய அருங்காட்சியகத்தின் கனிமத் துறைக் காப்பாளராகவும் பணியாற்றினார்.

விண்கல் ஆய்வு

பல விண்கற்கள் பிரெச்சியா வகையின. அதாவது, மோதலில் நொறுங்கிய துண்டுகள் மீண்டும் ஒட்டி இறுகியவை. அத்துண்டுகள் ஒரே பாறையினவாகவோ வெவ்வேறு பாறைகளினவாகவோ இருக்கலாம். இத்தகைய கல்லை முழுதாகப் பொடித்துப் பகுத்தால் கலவையின் கணக்கே கிடைக்கும். எந்தக் கனிமம் எத்துண்டில் இருந்தது என்பது தெரியாது. மாசுகெலின் கல்லை ஒளி ஊடுருவும் மெல்லிய சீவல்களாக்கி முனைவுற்ற ஒளியில் நோக்கினார். கனிம மணிகளைத் தனித்தனியே பிரித்தும் பகுத்தார். 1852இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் விழுந்த பஸ்தி விண்கல் ஒரு பிரெச்சியா. அதில் இவர் கண்ட கால்சியம் சல்பைடுக் கனிமம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைவர் தாமசு ஓல்டாமின் பெயரால் ஓல்டாமைட்டு எனப்பட்டது. ஈரம் பட்டால் சிதைவதால் இக்கனிமம் புவிப் பாறைகளில் மிக அரிது.

மதுரைக் கல்

1857 பெப்ரவரி 28 அன்று, மதுரைக்குத் தெற்கேயுள்ள சமவெளியில், ஆங்கிலப் பதிவுகள் 'பர்னல்லி' எனக் குறிக்கும் ஊரில் விண்கற்கள் விழுந்தன. பெரிய கல் இலண்டன் சென்றது. மாசுகெலின் அதனையும் ஆராய்ந்தார். மிகப் பெரிய கோண்ட்ரூல் உருண்டைகளுக்குப் பெயர்பெற்ற இக்கல் பின்னர் எல்எல்3 வகையில் சேர்க்கப்பட்டது. எல்எல் குழுவில் பெரும்பாலானவை பிரெச்சியாக்களே. இவரது புகழுக்கு அடிப்படையான கற்கள் பல இந்தியாவில் விழுந்தவை. ஆயினும் மதுரை மாணவர் பர்னல்லிக் கல்லின் பெரும்பகுதியைக் காண இலண்டன்தான் செல்ல வேண்டும்.

1880 முதல் 1892 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1865இல் பீகாரில் விழுந்த செர்கோட்டி விண்கல்லில் 1872இல் செர்மாக் கண்ட பொருள் மாசுகெலினைட்டு எனப் பெயர்பெற்றது. அது மோதலின் அதிர்ச்சியால் உருமாறிய பெல்சுபார் என்பதும், அக்கல் செவ்வாயிலிருந்து வந்தது என்பதும் இவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே தெரியவந்தன.